கோரைக்குட்டை நண்டுகளின் மரணச் சான்றிதழ்

நன்னீர் ஓட்டுயிர் அபிவிருத்தி வாரியத்தின் செஞ்சிப் பிரிவைப் பற்றி யாராவது குறை சொன்னால் எனக்குக் கோபம் வரும். அது வேலையே செய்யாத ஆபீஸ் என்று டீக்கடையில் பேசிக்கொள்கிறார்கள். அபாண்டம். அந்த ஆபீஸ் வேலை செய்யாமல் மட்டும் இருந்திருந்தால், செஞ்சி வட்டாரத்து ஏரிகளில் இன்றைக்கும் நண்டு இருந்திருக்கும்.

நண்டு, இறால் என்று ஓடு போர்த்திய உயிர்களுக்கு வாரியம் வைத்த பெயர் ஓட்டுயிர். 1964இல் அரிசிக்குத் தட்டுப்பாடு வந்தபோது, அரிசி கிடைக்காத ஜனங்கள் புரதம் சாப்பிட்டால் என்ன என்று மேலிடத்தில் யாருக்கோ தோன்றியது. தோன்றிய ஆறாம் மாதம் செஞ்சியில் ஒரு வாடகைக் கட்டடமும், ஒரு ஜீப்பும், தனி அலுவலர் அரிகிருஷ்ணனும் வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், ஈரப் பாசியில் சுற்றித் தகரப் பெட்டிகளில் அடைத்து, கடல் தாண்டி நானூறு இறால்கள் வந்தன. உள்ளங்கை நீளம், செக்கச்செவேல் என்ற உடம்பு, முன்னால் கத்தரிக்கோல் மாதிரி இரண்டு கொடுக்கு. வாரியம் அதற்கு வைத்த பெயர் 'மேம்படுத்தப்பட்ட மேல்நாட்டுக் கல்லிறால்'. ஜனங்கள் வைத்த பெயர் தொரை இறால்.

சிங்கவரம் ஏரிக்கரையில் பந்தல் போட்டு, மாலை போட்டு, மைக் வைத்து அதை ஏரியில் விட்டார்கள். அரிகிருஷ்ணன் பேசினார்.

"பெரியோர்களே, தாய்மார்களே! நம் நாட்டு நண்டை எண்ணிப் பாருங்கள். பகலெல்லாம் வளையில் படுத்துத் தூங்குகிறது. நடந்தால் பக்கவாட்டில் நடக்கிறது. நேராக நடக்கத் தெரியாத ஒரு பிராணியை நம்பி ஒரு தேசம் முன்னேற முடியுமா? இதோ, நம் விருந்தாளியைப் பாருங்கள்! இதற்கு முன்னேறத்தான் தெரியும்!"

அவர் கையிலிருந்து தண்ணீரில் விழுந்த முதல் இறால் வாலை ஒரு சொடுக்குச் சொடுக்கி, பின்பக்கமாகவே போய் மறைந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

அந்தக் கூட்டத்தில் முழங்கால் தண்ணீரில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவள் காத்தாயி. விழாவுக்காக அவள் தண்ணீரில் இறங்கவில்லை. விழாதான் அவள் நின்ற இடத்துக்கு வந்தது. சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது. ஏரியில் கையால் தடவி நண்டும் இறாலும் பிடித்து, வெள்ளிக்கிழமை செஞ்சிச் சந்தையில் விற்பாள். அவள் புருஷன் பொன்னுசாமி கிணறு வெட்டப் போன இடத்தில் பாறை சரிந்து இடுப்பு போனவன். உட்கார்ந்த இடத்திலேயே கூடை பின்னிக் கொடுப்பான்.

காத்தாயியின் சனத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு ஏரிக்கும் ஏழு கன்னிமார். ஒரு ஏரிக் கன்னிமாருக்கும் அடுத்த ஏரிக் கன்னிமாருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஆகையால் ஒரு ஏரித் தண்ணீரைச் சொட்டுக்கூட இன்னொரு ஏரிக்குக் கொண்டுபோகக் கூடாது. வலை, கூடை, கட்டியிருந்த சேலை எல்லாவற்றையும் ஒரு முழுப்பகல் பாறைமேல் காயப் போட்டு, முறுகக் காய்ந்த பிறகுதான் அடுத்த ஏரியில் கால் வைப்பார்கள். அதனால் ஒரு நாள் பிழைப்பு போகும். போனால் போகட்டும், கன்னிமாரிடம் யார் சண்டை போடுவது?

மறு வருஷம் கோடையில் சிங்கவரம் ஏரியில் நண்டுகள் பட்டப்பகலில் வெளியே வந்தன. கள் குடித்தவன் மாதிரி கால் தடுமாறிக் கரையேறி, மல்லாந்து விழுந்து, கால்கள் ஒவ்வொன்றாகக் கழன்று செத்தன. நாட்டு இறால்கள் வெளுத்துப்போய் மிதந்தன. ஒரு வாரத்தில் ஏரிக்கரை நாறிப்போயிற்று. அந்த நாற்றத்துக்கு நடுவே தொரை இறால்கள் மட்டும் கொடுக்கைத் தூக்கிக்கொண்டு கம்பீரமாகத் திரிந்தன.

காத்தாயி ஒரு கூடை செத்த நண்டைத் தலையில் வைத்துக்கொண்டு வாரியத்துக்குப் போனாள். அங்கே குமாஸ்தா செபாஸ்தியான் இருந்தான். மேல்சித்தாமூர்ப் பக்கத்து வேதக்காரப் பிள்ளை, நல்ல மாதிரி. நண்டுச் சாவுக்கென்று தனிப் படிவம் இன்னும் அச்சாகி வரவில்லை. மனுஷச் சாவுக்கான படிவம் ஒரு கட்டு இருந்தது. அவன் அதை எடுத்தான்.

"இறந்தவர் பேரு?"

"நண்டு."

"தகப்பனார் பேரு?"

"அதுவும் நண்டுதான் தம்பி."

செபாஸ்தியான் தலையைத் தூக்காமல் கேட்டான். "தொழில் இன்னான்னு போட்டே ஆவணுங்க்கா. காலியா வுட்டா ஆபீசரு திருப்பி அனுப்பிடுவாரு."

காத்தாயி யோசித்தாள். "வயல்ல வளை தோண்டிக்கினு கெடக்கும். வேற இன்னா தொழிலு?"

'விவசாயம்' என்று எழுதிக்கொண்டான்.

தனி அலுவலர் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு வெளியே வந்தார். "நம்ம இறால் ஏதாவது செத்துதா?"

"இல்லீங்கய்யா. அது நல்லா கொழுத்துக்கினு இருக்குது."

"பிறகு என்னம்மா புகார்? திட்டம் வெற்றி!" என்றார்.

ஆனாலும் கூடை வந்துவிட்டது, படிவம் எழுதியாகிவிட்டது. எழுதிய படிவம் மேலே போனது; மேலே போனது உத்தரவாகக் கீழே வந்தது. நோய்க் கண்காணிப்புக் குழு அமைந்தது. குழுவுக்கு முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ் மூன்று ஜோடியும், ஜப்பான் நைலான் வலை ஒன்றும் கொடுத்தார்கள். வலையோடு பதினான்காம் விதியும் வந்தது: 'அரசு வலையை வெயிலில் உலர்த்தலாகாது. உபயோகித்தவுடன் ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வைக்க வேண்டும்.'

குழு திங்கட்கிழமை சிங்கவரம் ஏரியில் இறங்கி வலை வீசிச் சாவைப் பார்த்தது. வலையை ஈரச் சாக்கில் சுற்றி, பூட்ஸைக் கழற்றாமல் ஜீப்பில் ஏறி, புதன்கிழமை மண்டகப்பட்டு ஏரியில் இறங்கியது. அங்கே நண்டுகள் சுகமாக இருந்தன. 'நோய் இல்லை' என்று எழுதிவிட்டு, குகைக் கோயில் நிழலில் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். ஒன்பதாம் நாள் மண்டகப்பட்டில் நண்டுகள் செத்தன. அதற்குள் குழு சீயமங்கலம் போய்விட்டிருந்தது. அங்கும் நண்டுகள் சுகமாக இருந்தன. ஒன்பது நாள்தான் இருந்தன. திரும்பும் வழியில் ஜீப் பஞ்சராகி நின்ற இடத்தில் ஒரு சின்னக் குளம். டிரைவர் டயர் மாற்றும் வரை அதிகாரிகள் அதில் பூட்ஸ் கழுவினார்கள். நோய் அந்தக் குளத்தையும் மறக்கவில்லை.

ஆபீஸ் சுவரில் ஒரு வரைபடம். செத்த ஏரிகளுக்குச் சிவப்புக் கொடி குத்தினார்கள். பக்கத்திலேயே ஜீப்பின் பயண அட்டவணை மாட்டியிருந்தது. ஆனால் அது வேறு ஆணி. ஒரே நேரத்தில் இரண்டு ஆணியைப் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் உத்தரவு இல்லை.

ஆய்வுக் கூட்டத்தில் அரிகிருஷ்ணன் பேசினார்.

"நோய் வந்தபிறகு ஓடுவதுதான் மற்ற இலாகாக்களின் வழக்கம். நாம் அப்படி இல்லை! ஒவ்வொரு ஏரிக்கும் நோய் வருவதற்குச் சரியாக ஒன்பது நாள் முன்னதாகவே நாம் போய்ச் சேர்ந்திருக்கிறோம். ஒரு இடத்தில்கூடத் தவறவில்லை. நாம் போகாத ஏரிகளில் நோய் இல்லை என்று சிலர் சொல்கிறார்கள். ஐயா, நாம் ஆய்வு செய்யாத இடத்தில் நோய் எப்படி இருக்க முடியும்?"

வாசலில் நின்றிருந்த காத்தாயிக்கு இந்தப் பேச்சு முழுக்கப் புரியவில்லை. ஆனால் ஜீப்பின் பின்பக்கம் சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டுவது தெரிந்தது. அவர் வெளியே வந்ததும் கும்பிட்டாள்.

"அய்யா, அந்த வலைய ஒரு பகலு பாறையில காயப்போடுங்கய்யா. பூட்ஸையுந்தான்."

"ஏம்மா?"

"ஒரு ஏரித் தண்ணி இன்னொரு ஏரிக்குப் போவக்கூடாதுங்க. கன்னிமாருக்கு ஆவாதுங்க."

அரிகிருஷ்ணன் வயிறு குலுங்கச் சிரித்தார். "ஆகாசத்துல ராக்கெட் விடற காலம் இது. அறிவியல் ஒரு பக்கம் போராடுது, கன்னிமாரு ஒரு பக்கம் இழுக்கறாங்க. இந்த மூடநம்பிக்கைதாம்மா உண்மையான நோய்." சாக்கு காய்ந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்த்து, இன்னும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சொன்னார்.

அந்த வருஷத்துக்குள் பதினோரு ஏரி போயிற்று. சிங்கவரத்தில் தண்ணீரை நம்பியிருந்த எட்டுக் குடும்பம் சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு பெங்களூருக்கு மண் சுமக்கப் போனது. காத்தாயி போகவில்லை. இடுப்பு செத்த புருஷனை எந்தக் கட்டட வேலையில் கொண்டுபோய் உட்கார வைப்பது? தவிர, அவளுக்குக் கோரைக்குட்டை இருந்தது.

மலைக்குப் பின்னால், இரண்டு பாறைகளுக்கு நடுவே, ஆள் உயரக் கோரை மறைத்த குட்டை அது. வாரியத்தின் வரைபடத்தில் அது இல்லை. நோய்க்கும் அதைத் தெரியவில்லை. காத்தாயி கூடையையும் சேலையையும் காயவைத்தே அங்கே போவாள், காயவைத்தே வருவாள். அந்த வட்டாரத்தில் கடைசி நாட்டு நண்டு அங்கேதான் இருந்தது. அவள் வீட்டு அடுப்பும் அதனால்தான் எரிந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை சந்தையில், நாரில் கட்டிய நண்டுச் சரத்தின் முன்னால் அரிகிருஷ்ணன் வந்து நின்றார். வாரியத்தின் தனி அலுவலராக இல்லை. சளி பிடித்த மனைவிக்கு நண்டு ரசம் வைக்க வேண்டிய புருஷனாக வந்திருந்தார். சரத்தை வாங்கிப் பையில் போட்டபோதுதான் அவருக்குள் இருந்த அதிகாரி விழித்தார்.

"ஏம்மா, இது உயிரோட இருக்குதே!"

"ஆமாங்க. செத்ததா விப்பாங்க?"

"எந்த ஏரி?"

காத்தாயி குனிந்து சில்லறையை எண்ண ஆரம்பித்தாள். பக்கத்துக் கருவாட்டுக்காரி ஆண்டாள், பெரிய மனுஷர் கேட்கிறாரே என்று நல்லெண்ணத்தில் சொல்லிவிட்டாள். "கோரைக்குட்டைங்க. மலைக்குப் பின்னால."

"அருமை! நோய் தாக்காத ஒரே நீர்நிலை! திங்கட்கிழமையே குழுவோட வர்றேன். பூட்ஸ், வலை எல்லாத்தோடயும்" என்று அவள் தோளைத் தட்டாத குறையாகப் பாராட்டிவிட்டுப் போனார்.

காத்தாயி சந்தையை அப்படியே விட்டுவிட்டு வாரியத்துக்கு ஓடி, செபாஸ்தியானிடம் அழுதாள்.

"வேணாம்னு ஒரு மனு எழுதிக் குடுடா தம்பி. அவரு கால் வெச்சா அதுவும் செத்துடும். அது செத்தா நானும் அந்த மனுசனும் நடுத்தெருதான்."

"மனு குடுத்தா கட்டாயம் வருவாருக்கா. வேணாம்னு சொல்ற இடத்துலதான் முக்கியமா பார்க்கணும்னு விதி இருக்குது." அவன் விதிப் புத்தகத்தைப் புரட்டினான். விதி இருபத்திரண்டில் விரல் நின்றது. குரலைத் தாழ்த்தினான். "ஒண்ணு இருக்குது. எல்லாம் செத்து முடிஞ்ச எடத்துக்குக் குழு போவாது. 'மரணம் முற்றுப்பெற்ற நீர்நிலையில் ஆய்வும் முற்றுப்பெற்றதாகக் கருதப்படும்'னு போட்டிருக்குது. கோரைக்குட்டை செத்துப்போச்சின்னு சான்றிதழ் வாங்கிடுங்க."

"உசுரோட இருக்கறதுக்கு எப்பிடிடா சாவுச் சீட்டு வாங்கறது?"

"முழு நண்டு மூணு. காலு கழண்டிருக்கலாம், ஓடு ஒடையக் கூடாது. திங்கக்கெழம காலையில பத்து மணிக்குள்ள கொண்டாந்துடுங்க."

ஆயிரக்கணக்கான நண்டை விற்றவள், ஞாயிற்றுக்கிழமை அந்த மூன்றை எடுக்க அரைப்பகல் குட்டையில் நின்றாள். கறிக்குப் பிடிப்பது வேறு, சாட்சிக்குப் பிடிப்பது வேறு. ஓடு உடையாமல் கொல்வதற்கு வெந்நீர்தான் வழி என்றான் பொன்னுசாமி. பானை அடுப்பில் ஏறியது. அடுப்பில் பானை ஏறினால் அவள் கை தானாக மஞ்சள் டப்பாவுக்குப் போகும். இருபது வருஷப் பழக்கம். நண்டு வெந்த பிறகுதான் செய்ததை உணர்ந்தாள்.

"ஏமே, இன்னாமே இது? சாவுச் சீட்டு வாங்கப் போறியா, கொழம்பு வெக்கப் போறியா?" என்றான் பொன்னுசாமி.

வேறு மூன்றைக் கொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. மறுநாள் அதையே இலையில் சுற்றி எடுத்துப் போனாள். செபாஸ்தியான் இலையைப் பிரித்துப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடி ஒரு அருள்நிறை மரியே ஜெபம் சொன்னான். அரிகிருஷ்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

"எழுதிக்கப்பா" என்றார். "ஓடு முழுவதும் சிவந்திருக்கிறது. மேற்பரப்பில் மஞ்சள் நிறப் பூஞ்சணம், சீராகப் படிந்திருக்கிறது. சதை வெளுத்து, மென்மையாக, பக்குவமாக இருக்கிறது. இதுவரை எந்தத் தேசத்திலும் பதிவாகாத கட்டம். மஞ்சள் கட்டம்!" இன்னும் குனிந்து மோந்தார். எச்சிலை விழுங்கினார். "வாசனைகூட வித்தியாசமா இருக்குது. நாற்றம்னு சொல்லிட முடியாது."

படிவத்தில் 'இறந்தவருக்கு என்ன உறவு' என்ற இடத்தில் காத்தாயிக்கு 'அக்கம்பக்கம்' என்று எழுதி, கட்டைவிரல் வைக்கச் சொன்னார்கள். தனி அலுவலர் கையெழுத்துப் போட்டார். வட்ட முத்திரை விழுந்தது. கோரைக்குட்டை நாட்டு நண்டுகள் சட்டப்படி செத்தன. குழு அந்தப் பக்கமே போகவில்லை.

அதற்குப் பிறகு காத்தாயி செஞ்சிச் சந்தைக்கு நண்டு கொண்டுபோகவில்லை. செத்த நண்டை எப்படி விற்பது? பஸ் ஏறித் திண்டிவனம் போய் விற்றாள். அரிகிருஷ்ணனோ மஞ்சள் கட்டத்தைப் பற்றி வாரியப் பத்திரிகையில் பன்னிரண்டு பக்கம் எழுதினார். அதைப் படித்து அசந்துபோன சென்னைத் தலைமை அலுவலர், தானே நேரில் வந்து அவருக்குப் பொன்னாடை போர்த்துவதாகக் கடிதம் போட்டார். கடிதத்தின் கீழே ஒரு வரி: 'செஞ்சிப் பக்கத்து நண்டுக் குழம்பு பிரசித்தம் என்று கேள்வி.'

தலைமை அலுவலர் மத்தியானம் வருகிறார் என்றால், காலை எட்டு மணிக்கு ஜீப் காத்தாயி வீட்டு வாசலில் வந்து நின்றது. பின்பக்கம் ஈரச் சாக்கு சொட்டிக்கொண்டிருந்தது. அரிகிருஷ்ணன் இறங்கி வாசல்வரை வந்துவிட்டார். பூட்ஸ் போட்டிருந்தார்.

"காத்தாயி, ஒரு பத்து நண்டு வேணும். உடனே."

"நண்டேதுங்கய்யா?"

"விளையாடாதே. திண்டிவனத்துல நீ விக்கிறத டிரைவர் பார்த்திருக்கான். நீ எடுத்துக் குடுத்தாலும் சரி, இல்லேன்னா நாங்களே வலையோட குட்டைக்குப் போறோம்."

காத்தாயியின் கண் சாக்கை விட்டு அகலவில்லை. "தொரை இறாலு ஏரி ஏரியா கெடக்குதுங்களே. நீங்க வுட்டதுதான். அத வெச்சி கொழம்பு வெய்யிங்களேன்."

"அதை மனுஷன் சாப்பிடுவானா?" என்றார் அரிகிருஷ்ணன்.

காத்தாயி உள்ளே போய்த் தகரப் பெட்டியைத் திறந்து, மஞ்சள் துணியில் சுற்றிய காகிதத்தை எடுத்து வந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. முத்திரை எங்கே இருக்கிறது என்று தெரியும். அதன்மேல் விரலை வைத்தாள்.

"இது யாரு கையெழுத்துங்க?"

"என்னுதுதான்."

"இன்னா எழுதிருக்குதுன்னு படிங்கய்யா."

வேறு வழியில்லாமல் படித்தார். "'கோரைக்குட்டையில் உள்ள நாட்டு நண்டுகள் அனைத்தும் மஞ்சள் கட்டத்தை அடைந்து மரித்துவிட்டன என்று நேரில் ஆய்ந்து இதன்மூலம் சான்றளிக்கிறேன்.'"

"அங்க நண்டு இருக்குதுன்னா அப்ப இது பொய்யிங்களா? மெட்ராசுலேர்ந்து வர்ற அய்யாகிட்ட நான் இன்னான்னு சொல்றது?"

அரிகிருஷ்ணன் காகிதத்தைப் பார்த்தார். பன்னிரண்டு பக்கக் கட்டுரையும் பொன்னாடையும் அவர் முகத்தில் வந்து போயின. அந்த நேரம் பார்த்து, உள்ளே மூடி வைத்திருந்த பானையில் கரகரவென்று ஏதோ பிறாண்டியது. பொன்னுசாமி இருமிப் பார்த்தான். பிறாண்டல் நிற்கவில்லை.

"அது என்ன சத்தம்?" என்றார்.

"செத்துப்போன நண்டுங்க" என்றாள் காத்தாயி.

அவர் கொஞ்ச நேரம் அதைக் காது கொடுத்துக் கேட்டார். பிறகு சான்றிதழைப் பழைய மடிப்பிலேயே மடித்து, இரண்டு கையாலும் அவளிடம் கொடுத்தார்.

"பத்திரமா வெச்சுக்கம்மா. அரசாங்கக் காகிதம்" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். அன்று மத்தியானம் தலைமை அலுவலருக்குக் கத்தரிக்காய்க் குழம்பு போட்டதாகச் செபாஸ்தியான் பிறகு என்னிடம் சொன்னான்.

ஜீப் திருப்பம் தாண்டும் வரை காத்தாயி நகரவில்லை. அது நின்ற இடத்தில் சாக்கிலிருந்து சொட்டிய தண்ணீர் ஒரு முறம் அகலத்துக்கு மண்ணை நனைத்திருந்தது. வாசல்வரை பூட்ஸ் தடம் வேறு. அடுப்பிலிருந்து சுடுசாம்பலை வாரி வந்து அந்த ஈரத்தின்மேல் கொட்டினாள். தடம் தடமாகக் கொட்டினாள். போதாது என்று தோன்றியது. உள்ளே போய் இன்னொரு முறம் வாரி வந்தாள்.